இடது பக்கம் பள்ளம்

நான் ஒரு காலேஜ் புட்போல் டீமுக்குப் பதினாலு வருசம் கோச்சா இருந்தேன். அதுல பதிமூணே முக்கால் வருசம், எங்க டீம் எப்பவும் வலது பக்கமாவே ஏறிப்போய் அடிக்கிறது என்னோட மூளையில உதிச்ச திட்டம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதைப்பத்தி மைக்கைப் புடிச்சு மேடையில பேசியும் இருக்கேன். கை தட்டினாங்க. அதுதான் இன்னும் கூச்சமா இருக்கு.

இதுல இன்னொரு கேவலம் என்னன்னா, காலேஜ்ல என்னோட பாடம் கட்டட வேலை. செவரு நேரா இருக்கா, தரை சரிவா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாக்கச் சொல்லிக் குடுக்கிறவன் நான். கண்ணாடிக்குள்ள இருக்கிற குமிழி நடுவுல வந்து நிக்கணும்டான்னு கத்திக் கத்தியே தொண்டை போச்சு. அப்படிப்பட்ட ஆளுக்கு, தான் நிக்கிற கிரவுண்டோட சரிவு தன்னோட டீமை என்ன பண்ணி வச்சிருக்குன்னு வெளங்க அவ்வளவு காலம் ஆச்சு.

நான் கோச்சானதே டீக்குக் கடிக்க வச்ச ஒரு ரோல்ஸாலதான். ஸ்டாப் மீட்டிங்ல பிரின்சிபல், "புட்போலுக்குப் பொறுப்பா யாரு இருக்கீங்க?"ன்னு கேட்டாரு. அந்த நேரம் பாத்து ரோல்ஸ் தட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. நான் ரெண்டாவது ஒண்ணை எட்டி எடுக்கலாம்னு கையை நீட்டினேன்.

"ஆ, நல்லது நல்லது. கையைத் தூக்கிட்டாரு"ன்னு எழுதிக்கிட்டாரு.

மொத ரோல்ஸ் இன்னும் வாயில இருந்ததால நான் மறுத்துப் பேச முடியல. முழுங்கி முடிச்சப்ப அவரு அடுத்த விசயத்துக்குப் போயிட்டாரு. அதுக்கு முந்தி நான் புட்போல் ஆடினது கிடையாது. பள்ளிக்கூடத்துல கோல் போஸ்டுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கியிருக்கேன். அதுவும் சரியாப் பொறுக்கலன்னு ரெண்டு தடவை அடி வாங்கியிருக்கேன்.

எங்க காலேஜ் பதுளை டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு. அதுக்குக் கிரவுண்டு கிடையாது. பிரின்சிபலோட காரை நிறுத்தினா அப்புறம் ஒரு கேரம் போர்டு போடத்தான் எடம் இருக்கும். அதனால பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட கேட்டு, தோட்டத்துக் கிரவுண்டுல பிராக்டிஸ் பண்ண அனுமதி வாங்கினோம். பெருமையா நான்தான் போய்ப் பேசி வாங்கினேன்.

அந்தக் கிரவுண்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். மலையை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை இன்னொரு பக்கம் தள்ளிச் செஞ்ச கிரவுண்டு. ஒரே ஒரு கோல் போஸ்டுதான் இருந்துச்சு. இன்னொரு பக்கம் ரெண்டு கல்லு. அதனால நாங்க எப்பவும் போஸ்டு இருக்கிற பக்கம் பாத்துத்தான் அடிச்சுப் பழகுவோம். அப்படி நின்னா வலது பக்கம் தேயிலை மலை. பந்து அங்க போனா செடியில முட்டி தானாத் திரும்பி வரும். இடது பக்கம் பள்ளம். பந்து அங்க போனா போனதுதான். நூறு படிக்கு மேல இருக்கும், பாதிப் படி மழையில கரைஞ்சு போனது. கீழ தோட்டத்து ஆளுக குடியிருக்கிற ஒரு லயம், லயத்துக்கு முன்னால போஞ்சி, கத்தரின்னு ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி. மழைக்காலத்துல எறங்கிப் போய்ப் பந்தை எடுத்துட்டு வர்றவன் கால்ல அட்டை தொங்கும்.

மொத வாரத்துலயே நாலு பந்து பள்ளத்துக்குள்ள போச்சு. அப்பவே நான் சட்டம் போட்டேன்.

"யாரு அடிக்கிறானோ அவன்தான் எறங்கிப் போய் எடுத்துட்டு வரணும். கோச்சு எறங்க மாட்டாரு."

கோச்சா நான் போட்ட மொத சட்டம் அது. பதினாலு வருசத்துல ஒழுங்கா எல்லாரும் கடைப்புடிச்ச ஒரே சட்டமும் அதுதான்.

ஒரு மாசத்துல பாத்தா, பொடியங்க என்ன அழகா வலது பக்கமாப் பாஸ் குடுத்துக் குடுத்து ஏறுறாங்க! இடது பக்கம் யாருமே அடிக்கல. நான் அதைப் பாத்துட்டு, "ஆகா, நம்ம பயிற்சி வேலை செய்யுது"ன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் ஒரு கொப்பியில படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் போட்டு, "வலதுபுறத் தாக்குதல் முறை"ன்னு தலைப்பும் எழுதினேன். அடுத்து வந்த ஒவ்வொரு வருசத்துப் பொடியங்களுக்கும் அந்தப் படத்தைக் காட்டிப் பாடம் எடுத்தேன். அவங்களும் ஆமா சேர், சரி சேர்னு தலையாட்டுவாங்க. கிரவுண்டுக்குப் போனதும் பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பாப்பாங்க. அதுக்கப்புறம் என் படம் அவங்களுக்குத் தேவைப்படல.

எங்க சாதனையையும் சொல்லிடுறேன். மாகாணப் போட்டியில ஒரு தடவை சாம்பியன். அந்த பைனல்ல எங்களோட ஆட வேண்டிய டீமோட பஸ் பெரகல சந்தியில நின்னு போச்சு. அவங்க வந்து சேரவே இல்ல. நாங்க காலுறை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னோம், கப்பைத் தூக்கிக் கையில குடுத்துட்டாங்க. அந்த போட்டோ இன்னும் காலேஜ் ஆபீஸ்ல மாட்டியிருக்கு. ஒருத்தன் முகத்துலயும் ஒரு சொட்டு வேர்வை இருக்காது.

அப்புறம் மூணு தடவை ரெண்டாமிடம். சில்லறை மேட்செல்லாம் ஜெயிச்சுடுவோம். பைனலுக்கு வர்ற டீமுக்குக் கண்ணு இருக்கும், பத்து நிமிசத்துல நாங்க ஒரே பக்கமா வர்றதைப் பாத்து அந்தப் பக்கமே ஆளைக் கூட்டி நிறுத்திடுவாங்க. இது இப்ப சொல்றேன். அப்ப எனக்கு இது தெரியல. மொத பைனல் தோத்ததுக்கு மழைதான் காரணம்னு ரிப்போர்ட் எழுதினேன். ரெண்டாவதுக்கு ரெப்ரி. மூணாவதுக்குக் காரணம் கெடைக்காம, மத்தியானம் குடுத்த சோத்துப் பார்சல்ல கறி பழசுன்னு எழுதினேன்.

இனித்தான் கதைக்கு வர்றேன். போன பேட்ச்ல எங்களுக்கு ஒரு லெப்ட் விங் இருந்தான். பைப் வேலை படிக்க வந்தவன். கிரவுண்டுக்குக் கீழ இருக்கிற லயம்தான் அவன் வீடு. சின்ன வயசுல இருந்தே மேல இருந்து விழுற பந்தை எல்லாம், படியேற அலுப்புப் பட்டுக்கிட்டு, கீழ நின்னே மேல அடிச்சு அனுப்பிக்கிட்டு இருந்தவன். நூறு படி உசரம்! இடது கால்ல ஒரு அடி அடிச்சான்னா பந்து கிரவுண்டுக்கு நடுவுல வந்து விழும். அவன் காலேஜ்ல சேந்த அன்னைக்கே டீம்ல எடுத்தேன். இடது காலு, அதனால இடது பக்கம் நிறுத்தினேன். இது மட்டும் சரியான முடிவு.

ஆனா மூணு வருசமா அவன் அங்க நின்னான். சும்மா நின்னான். யாரும் அவனுக்குப் பாஸ் குடுக்கல. குடுத்து அது தப்பினா பள்ளம், எறங்கணும். தப்பித் தவறி பந்து கீழ போனாலும், "டேய் மச்சான், ஒங்க வீட்டுப் பக்கம்தானே, எடுத்துட்டு வாடா"ன்னு அவனைத்தான் எறக்கி விடுவாங்க. அவனும் எறங்குவான். கொஞ்ச நேரத்துல கீழ இருந்து அவங்க அம்மா சத்தம் கேக்கும்.

"எந்த நாசமாப் போறவன்டா போஞ்சிக் கொடியில போட்டது?"

அந்த அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க. அவங்க முகத்தை நான் பாத்ததில்ல. அந்தக் குரலை மட்டும் நல்லாத் தெரியும். அது கேட்டா நான் விசிலை வாயில வச்சுக்கிட்டு மலைப்பக்கம் பாப்பேன்.

கடைசி வருசம் அவன் எங்கிட்ட வந்தான்.

"சேர், மாமா கொழும்புல புடவைக் கடையில வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு. பைனல் முடிஞ்ச மறுநாள் வரச் சொல்றாரு."

"உனக்கு விருப்பமாடா?"

"எனக்கு வெளையாடணும் சேர்." அவ்வளவுதான் சொன்னான். மூணு வருசத்துல அவன் எங்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதான்.

கொழும்புல ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் பாக்கிற ஒரு சிங்கள ஐயாவோட எனக்கு ஒரு கூட்டத்துல பழக்கமாகியிருந்துச்சு. அந்த டீம்ல எடுத்தா வேலையும் குடுப்பாங்க, தங்க எடமும் குடுப்பாங்க. அவருக்குக் கடிதம் எழுதினேன். எழுத ஆரம்பிச்சா எனக்குக் கை நிக்காது. "எமது அணியின் தாக்குதல் முழுவதும் இவ்வீரரின் இடது காலைச் சுற்றியே சுழல்கிறது"ன்னு எழுதிட்டேன். எழுதும்போது அதை நம்பினேனா இல்லையான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல. வாக்கியம் நல்லா இருந்துச்சு.

அவரு பைனல் பாக்க வர்றேன்னு பதில் போட்டாரு.

பைனல் மொனராகலையில. காலையில பதுளையில ஸ்வெட்டரோட ஏறின பொடியங்க, பஸ் எறங்க எறங்க ஒண்ணொண்ணாக் கழட்டி, அங்க போய்ச் சேந்தப்ப சட்டையும் இல்லாம இருந்தாங்க. கிரவுண்டு நல்ல பெரிசு. ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் ஆளுக ஒக்காரக் கொட்டகை, இன்னொரு பக்கம் கரும்புத் தோட்டம். நான் காலால தட்டிப் பாத்து, "அட, குமிழி நடுவுல நிக்குது"ன்னு பகிடி விட்டேன். யாரும் சிரிக்கல.

மொத பாதி ஆரம்பிச்சுச்சு. எங்க ஆளுக வலது பக்கமாப் போனாங்க. அவங்க ஆறு பேரு அங்க போய் நின்னாங்க. எங்க ஆளுக மறுபடியும் வலது பக்கமாப் போனாங்க. ரெண்டு கோல் வாங்கினோம். எங்க லெப்ட் விங் இடது பக்கம் கோட்டுப் பக்கத்துல தனியா நின்னான். அவனைப் புடிக்க நிறுத்தின ஆளுகூட அலுத்துப்போய் நடுவுக்குப் போயிட்டான். கொழும்பு ஐயா கொட்டகையில குடையை மடியில வச்சுக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பாக்கிறதுக்கு வேற ஒண்ணும் அங்க நடக்கல. அவன் ஒரு தடவை குனிஞ்சு லேஸைக் கட்டினான். அவனோட மொத பாதி ஆட்டம் அதுதான்.

எதிர் டீம் கோச் ஒரு முஸ்லிம் மாஸ்டர், தங்கமான மனுசன். எங்கிட்ட வந்து ரொம்ப அக்கறையாக் கேட்டாரு.

"சேர், அந்த லெப்ட்ல நிக்கிற தம்பிக்கு சுகமில்லையா? வெயில்ல ஏன் நிப்பாட்டி வச்சிருக்கீங்க? வேற ஆள எறக்குங்களேன்."

அப்பதான் நானும் அவனை மொத தடவையா ஒழுங்காத் திரும்பிப் பாத்தேன், பக்கத்துல ஒரு ஆள்கூட இல்ல. 

ஹாப் டைம்ல எல்லாரையும் வட்டமா ஒக்கார வச்சேன்.

"டேய், லெப்டுக்குக் குடுங்கடா! அவன் அங்க தனியா நிக்கிறான். ஆள் இல்லடா அங்க!"

 எங்க கேப்டன், கொஞ்சம் வாய்க்கொழுப்புக்காரன், தண்ணிப் போத்தலைக் கீழ வச்சான்.

"குடுக்கணும்னுதான் சேர் பாக்கிறோம். கால் போக மாட்டேங்குது."

"ஏன் போக மாட்டேங்குது?"

"அந்தப் பக்கம் பள்ளம் இருக்கிற மாதிரியே இருக்கு சேர்."

"இது மொனராகலைடா! இங்க ஏதுடா பள்ளம்?"

"தெரியும் சேர். ஆனா நீங்கதானே சொன்னீங்க, அடிச்சவன்தான் எறங்கி எடுக்கணும்னு."

பின்னால இருந்து கோல் கீப்பர் சொன்னான்: "எனக்கும் அப்படித்தான் சேர். கோல் கிக் அடிக்கும்போது அட்டை ஞாபகம் வருது."

எல்லாரும் தலையாட்டினாங்க. பத்துப் பேரும். லெப்ட் விங் மட்டும் தலை குனிஞ்சு புல்லைப் பிச்சுக்கிட்டு இருந்தான். என் கொப்பி, என் அம்புக்குறி, மேடையில நான் பேசின பேச்சு, மழை, ரெப்ரி, பழைய கறி எல்லாம் ஒண்ணா வந்து என் தலையில விழுந்துச்சு. வலதுபுறத் தாக்குதல் முறையாம்! படியேற அலுப்பா இருந்திருக்கு, அவ்வளவுதான்.

அஞ்சு நிமிசம்தான் மிச்சம் இருந்துச்சு. பதினாலு வருசப் பழக்கத்தை அஞ்சு நிமிசத்துல எப்படி மாத்துறது? நான் கரும்புத் தோட்டத்தைப் பாத்தேன். பக்கம் மாறினதும் அது எங்களுக்கு வலது பக்கம் வரும். என்ன நெனச்சேனோ தெரியல, குரலைத் தாழ்த்தினேன்.

"இங்க பாருங்கடா. யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தக் கரும்புக்குள்ள காலையில இருந்து ஒரு யானை நிக்குதாம்."

பொடியங்க எல்லாம் மலையில பொறந்து வளந்தவங்க. அட்டைக்கு உப்புப் போடத் தெரியும். யானையைக் கோயில் திருவிழாவுலதான் பாத்திருக்காங்க, அதுவும் சங்கிலியோட.

"நெசமாவா சேர்?"

"அந்த மாஸ்டர்தான் சொன்னாரு. மேட்ச் நின்னு போயிடும்னு வெளிய சொல்லல. பந்து அங்க போச்சுன்னா..." நான் கொஞ்சம் நிறுத்தினேன். "சட்டம் தெரியும்தானே? அடிச்சவன்தான் போய் எடுக்கணும்."

ரெண்டாவது பாதி ஆரம்பிச்சதும் விசில் சத்தம் அடங்கல, பந்து இடது பக்கம் பறந்துச்சு. எங்க லெப்ட் விங் ஒரு நொடி திகைச்சு நின்னான். அப்புறம் பந்தை எடுத்துக்கிட்டு ஓடினான் பாருங்க! எதிர் டீம்ல ஆறு பேரு இன்னும் எங்க வலது பக்கம் நின்னு எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் பாதிக் கிரவுண்டுல இருந்து அடிச்சான். நூறு படி ஏத்தி அடிச்ச காலுக்கு மட்டமான தரையெல்லாம் ஒரு பொருட்டா? கீப்பர் கையைத் தூக்குறதுக்குள்ள பந்து வலைக்குள்ள கெடந்துச்சு. இருபது நிமிசம் கழிச்சு அவன் குடுத்த பந்துல கேப்டன் இன்னொண்ணு போட்டான். ரெண்டுக்கு ரெண்டு. நான் கொட்டகையில இருந்த கொழும்பு ஐயாவைப் பாத்தேன். குடையை மடியில இருந்து கீழ வச்சுட்டு எந்திரிச்சு நின்னாரு.

கப்பும் கையில வந்துடும்னு நெனச்சேன். கடைசி நிமிசத்துல பந்து மெதுவா உருண்டு வலது பக்கம் போச்சு. கரும்புக்குப் பக்கத்துல, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுச்சு. எங்க டீம்ல ஒருத்தன் அசையல. ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாத்தாங்க.

"போங்கடா! எடுங்கடா!"ன்னு நான் கத்துறேன்.

கேப்டன் அங்க இருந்தே கத்துறான்: "நான் அடிக்கல சேர்! அவன்தான் அடிச்சான்!"

அவங்க டீம் ஆள் ஒருத்தன் ஆற அமர நடந்து போய்ப் பந்தை எடுத்து, நல்லா நிறுத்தி நடுவுல நின்ன அவங்க ஆளுக்கு அடிச்சான், அவன் அதை வலைக்குள்ள தட்டி விட்டான். கோல். மூணுக்கு ரெண்டு. நாலாவது தடவையா ரெண்டாமிடம். இந்தத் தடவை ரிப்போர்ட்ல காரணம்ங்கிற எடத்துல என்ன எழுதுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சு, வெயில்னு எழுதினேன்.

மேட்ச் முடிஞ்சதும் கொழும்பு ஐயா வந்தாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "மாஸ்டர், கடிதம் பொய் இல்ல. ஆனா மொத பாதி இவன எங்க ஒளிச்சு வச்ச?"ன்னு கேட்டாரு. பதிலுக்குக் காத்திருக்காம அவனோட போன் நம்பரை எழுதிக்கிட்டாரு. அடுத்த மாசமே வரச் சொன்னாரு. அவன் என் கையைப் புடிச்சான்.  அப்புறம், "யானை இல்லதானே சேர்?"னு மட்டும் கேட்டான். அவன் ஒருத்தன்தான் நம்பல போல.

மறுநாள் அவங்க அம்மாகிட்ட நானே நேர்ல போய்ச் சொல்லணும்னு தோணுச்சு. நல்லா அயன் பண்ணின சட்டை போட்டுக்கிட்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கிட்டுப் போனேன். கிரவுண்டு ஓரத்துல நின்னு பள்ளத்தைப் பாத்தேன். பதினாலு வருசத்துல நான் அதுல எறங்கினது இல்ல. முப்பதாவது படிக்கு அப்புறம் படி இல்ல, மண்ணுதான். மிச்ச தூரத்தை நான் எறங்கினேன்னு சொல்ல முடியாது. வழுக்கி, ஒக்காந்து, உருண்டு, வாழைப்பழத்தை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் போய் ஒரு பாத்திக்குள்ள நின்னேன்.

அந்த அம்மா வாசல்ல கொழுந்துக் கூடையோட கயித்தைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் மண்ணைத் தட்டிக்கிட்டு பேச்சை ஆரம்பிச்சேன். மூணு வருசமா அவனைக் கவனிச்சு வந்ததையும், அந்த இடது காலை எப்படிக் கொண்டு வந்தோம்ங்கிறதையும், நான் எழுதின கடிதத்தையும், அதுல இருந்த வாக்கியத்தையும் சொன்னேன். கோச்சுங்கிறவன் எவ்வளவு பாடுபடணும்னும் கொஞ்சம் சொன்னேன். அவங்க முழுசாக் கேட்டாங்க. கூடையைக் கீழ வச்சாங்க. பழத்தை வாங்கிக்கிட்டாங்க.

"சந்தோசங்க சேர்"னு சொன்னாங்க. "ஆனா அவன் காலுக்குச் சொல்லிக் குடுத்தது இந்தப் பள்ளம்ங்க. நீங்க நிக்கிறது என் போஞ்சி மேல. மொதல்ல காலை எடுங்க."